எப்படி இருக்கேன்?

அன்பு நேயர்களே... மன்னிக்கவும், அன்பு வாசகர்களே! பத்தாண்டுகளாக ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து பழகிவிட்டது. பேனாவைப் பிடித்தாலும் முதலில் நேயர்களைத்தான் கூப்பிட வருகிறது.

சென்ற ஆண்டு ஆறு வாரங்கள் என் காலை நிகழ்ச்சியில் நான் இல்லை. "அக்காவுக்குக் கல்யாணமா?", "வேற ரேடியோவுக்குப் போயிட்டாங்களா?" என்று சிலர் நிலையத்துக்கு அழைத்துக் கேட்டார்களாம். இரண்டும் இல்லை. என் குரல் நாணில் ஒரு சிறிய சதைக்கட்டி வளர்ந்திருந்தது. வெறும் தொண்டைக்கட்டு என்று நினைத்து, இஞ்சியும் தேனும் குடித்துக்கொண்டு, மூன்று மாதம் அதன்மேலேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இரண்டு வாரங்களுக்கு ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது குரலுக்கு இன்னும் கெடுதல். இரண்டு, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர ஒன்பது பத்து நாள் ஆகும். "பெரும்பாலும் ஒன்றும் இருக்காது" என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கிள்ளானுக்குத் திரும்பும் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இந்த வாரம் நான் எழுத நினைத்தது நோயைப் பற்றி அல்ல. அந்த நாள்களில் எனக்குத் துணையாக இருந்த ஒரு பழக்கத்தைப் பற்றி. நம்மை நாமே படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம்.

"அது செல்ஃபிதானே, அதில் என்ன புதுசு?" என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மைலோ டின்னும் பத்து வினாடியும்

வீட்டில் ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வைத்தோம். நான் எழுதுவேன், அம்மா படிப்பார். எனக்குப் பேச்சு இல்லை என்றதும், காதும் கேட்காது என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது போலிருக்கிறது. "சா...ப்பி...டு...றியா?" என்று கையை ஆட்டிக்கொண்டு கத்துவார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி தொண்டைக்கு நல்லது என்று பேரிக்காய் சூப் கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் அவரும் வாய் திறக்காமல் சைகையிலேயே பேசிவிட்டுப் போனார். இரண்டு நாள் இப்படிச் சிரிப்பும் கூத்துமாகப் போனது.

மூன்றாம் நாள் விடியுமுன்பே விழிப்பு வந்துவிட்டது. மணி ஆறு, என் நிகழ்ச்சி தொடங்கும் நேரம். மனம் கேட்காமல் வானொலியைத் திறந்தேன். என் இடத்தில் இருந்தவர் நன்றாகவே செய்தார். அதுதான் வலித்தது. நான் இல்லாமலும் காலை விடிகிறது, நேயர்கள் அழைக்கிறார்கள், பாட்டுப் போகிறது. குரல் திரும்பாவிட்டால் நான் யார்? வங்கிக் கடனை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் பிறகு. முதலில், நான் யார்?

இதைப் பலகையில் எழுதினால் அம்மா பயந்துவிடுவார். கைப்பேசியை எடுத்து அடுக்களை மேசையில் இருந்த மைலோ டின்னில் சாய்த்து வைத்தேன். பத்து வினாடி டைமர். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. எண் பத்திலிருந்து இறங்கியது. மூன்று, இரண்டு, ஒன்று... வாயைப் பெரிதாகத் திறந்து, சத்தமே இல்லாமல் கத்தினேன்.

படத்தைப் பார்த்தேன். கலைந்த தலை, வீங்கிய கண், பல் மருத்துவர் முன் உட்கார்ந்தவள்போல் திறந்த வாய். வழக்கமாக இருந்தால் அடுத்த நொடியே அழித்திருப்பேன். அன்று முடியவில்லை. அந்தப் பெண்ணைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று புரிந்தது. இவள் பயந்துபோயிருக்கிறாள். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று மூன்று நாளாகப் பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தவள், தன் பயத்தை முதன்முதலாக வெளியே வைத்துப் பார்த்தேன்.

அன்றே எனக்கு நானே மூன்று விதி போட்டுக்கொண்டேன். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு படம். எடுத்ததை அழிப்பதில்லை. யாருக்கும் அனுப்புவதில்லை.

ஒரே சொல், இரண்டு கேள்வி

கண்ணாடி முன் நின்று "எப்படி இருக்கேன்?" என்று கேட்டால் அது தோற்றத்தைப் பற்றிய கேள்வி. தொலைபேசியில் "எப்படி இருக்கே?" என்று கேட்டால் அது நலத்தைப் பற்றிய கேள்வி. தமிழில் இரண்டுக்கும் சொல் ஒன்றுதான்.

தம்படம் எடுக்கும்போது நாம் கேட்பது முதல் கேள்வி. அதையும் பிறரிடம் கேட்கிறோம். எத்தனை பேர் 'லைக்' போட்டார்கள் என்று பதிலை எண்ணுகிறோம். அதில் தவறு ஒன்றும் இல்லை. திருமண வீட்டில் தலையைச் சாய்த்து, கன்னத்தை உள்ளிழுத்து நிற்பவர்களில் நானும் ஒருத்திதான். 2013-ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்ஃபர்ட் அகராதிகள் 'செல்ஃபி'யைத் தேர்ந்தெடுத்தபோது வானொலியில் அதைப் பற்றி அரைமணி நேரம் அரட்டை அடித்தவர்களும் நாங்கள்தான்.

ஆனால் அந்த அடுக்களையில் நான் கேட்டது இரண்டாவது கேள்வி. கேட்டவளும் நான், பதில் சொல்ல வேண்டியவளும் நான். நடுவில் ஒரு கைப்பேசி.

நம் முகம் ஏன் நமக்குப் பிடிப்பதில்லை?

முதல் நான்கைந்து நாள் படங்களைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் எனக்குப் பழைய ஒன்றை நினைவூட்டியது.

ஊடகவியல் படித்த காலத்தில் முதல் ஒலிப்பதிவு வகுப்பு. ஒவ்வொருவரும் ஒரு பக்கம் செய்தி படித்தோம். பிறகு அதைப் போட்டுக் காட்டினார் விரிவுரையாளர். வகுப்பே காதைப் பொத்திக்கொண்டது. "இது என் குரலே இல்லை சார்!" என்று ஆளுக்கு ஆள் கத்தினோம். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு வழியில் கனமான ஒலிகள் கூடுதலாக வரும். அதனால் நமக்குள் கேட்கும் குரல் ஆழமாக இருக்கும், பதிவில் கேட்கும் குரல் மெலிந்திருக்கும். மற்றவர்கள் நாள்தோறும் கேட்பது அந்த மெலிந்த குரலைத்தான்.

முகத்துக்கும் இதே கதைதான். நம் முகத்தை நாம் பெரும்பாலும் கண்ணாடியில், இடம் வலமாக மாறித்தான் பார்க்கிறோம். 1977-இல் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெண்களின் முகப்படத்தை உள்ளபடி ஒன்றும், கண்ணாடியில் தெரிவதுபோல் ஒன்றும் அச்சிட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணாடிப் படம்தான் பிடித்தது. அவர்களுடைய நண்பர்களுக்கோ உள்ளபடியான படம் பிடித்தது. அவரவருக்குப் பழகிய முகமே அவரவருக்கு அழகாகத் தெரிந்திருக்கிறது.

அந்த விரிவுரையாளர் சொன்ன ஒன்று மட்டும் மறக்கவில்லை. "பத்துத் தடவை கேளுங்க. பதினோராவது தடவை அது உங்க குரலா இருக்காது, யாரோ ஒருத்தர் குரலா இருக்கும். அப்பதான் அதுக்கு நீங்க உதவி செய்ய முடியும்."

படங்களிலும் எனக்கு அதுதான் நடந்தது. ஆறாம் நாள், ஏழாம் நாள் வரும்போது அந்தப் பெண் யாரோ ஒருத்தியாகத் தெரிந்தாள். பிற பெண்களிடம் எனக்கு இருக்கும் பரிவு, அதுவரை என்னிடம் எனக்கு இல்லாத பரிவு, அவள்மேல் வந்தது. ஒரு நேயர் இரவில் அழைத்து அழுதால் "கண்ணாடியைப் பாரு, உன் மூஞ்சி எப்படி இருக்கு" என்றா சொல்வேன்? "சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா?" என்றுதானே கேட்பேன்?

செத்தவராக நடித்த மனிதர்

மனக்குறையைச் சொல்லத் தன்னையே படமெடுப்பது இன்றைய கண்டுபிடிப்பு அல்ல. கிட்டத்தட்டப் புகைப்படத்தின் வயதுதான் அதற்கும்.

பிரான்சில் ஹிப்போலித் பயார் என்றொருவர் இருந்தார். தாளில் நேரடியாகப் படம் பதியும் முறை ஒன்றைத் தானாகவே கண்டுபிடித்திருந்தார். ஆனால் 1839-இல் புகழும் அரசாங்க ஓய்வூதியமும் லூயி டாகேருக்குப் போய்ச் சேர்ந்தன. மறு ஆண்டு பயார் ஒரு படம் எடுத்தார். மேல்சட்டையின்றி, கண்ணை மூடி, சுவரில் சாய்ந்து, நீரில் மூழ்கி இறந்த பிணமாகத் தன்னையே எடுத்தார். டாகேருக்கு வாரிக் கொடுத்த அரசு பயாருக்கு ஒன்றும் செய்யவில்லை, பாவம் அவர் நீரில் விழுந்துவிட்டார் என்று படத்தின் பின்புறத்தில் எழுதியும் வைத்தார்.

படத்தில் செத்தவர் அதன்பிறகு 47 ஆண்டுகள் உயிரோடு இருந்தார், தொடர்ந்து படமும் எடுத்தார். அந்த மனக்குறையை அவர் அந்தத் தாளில் இறக்கி வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

ஜோ ஸ்பென்ஸ் எழுதிய கேள்விக்குறி

இந்த வழியை ஒரு சிகிச்சைமுறை அளவுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஜோ ஸ்பென்ஸ். 1934-இல் லண்டனில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். திருமணப் படங்களும் குடும்பப் படங்களும் எடுத்துப் பிழைப்பு நடத்தியவர். கேமரா முன் எல்லாரும் சிரிக்கிறார்கள், வீட்டுக்குள் நடப்பது எதுவும் ஆல்பத்தில் வருவதில்லை என்று தொழிலிலேயே கண்டவர்.

1982-இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருத்துவமனையில் ஒரு காலை, இளம் மருத்துவர் ஒருவர் மாணவர்கள் சூழ வந்தார். தன்னை யார் என்றுகூடச் சொல்லாமல் குனிந்து, அவருடைய மார்பின்மேல் மையால் பெருக்கல் குறி போட்டார். வெட்ட வேண்டிய இடத்துக்கு அடையாளம். மரத்துக்குப் போடுவதுபோல!

அறுவை சிகிச்சைக்குப் போவதற்கு முன்பே ஜோ ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். தன் மார்பில் தானே எழுதிக்கொண்டது அந்தப் படத்தில் இருக்கும். 'ஜோ ஸ்பென்ஸின் உடைமையா?' என்று ஒரு கேள்விக்குறியோடு. இந்த உடம்பு யாருடையது என்ற கேள்விதான் அது. அந்தப் படத்தை ஒரு தாயத்துபோல மருத்துவமனைக்கும் எடுத்துச் சென்றார்.

பிறகு ரோஸி மார்ட்டின் என்ற தோழியோடு சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார். ஒருவர் கேமராவுக்கு முன்னால், மற்றவர் பின்னால், பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். சிறு வயது அவமானங்களை, தன் தாயை, நோயாளியாகத் தான் பட்ட பாட்டை உடையணிந்து நடித்துப் படமாக்கினார்கள். தாயாக உட்கார்ந்து பார்க்கும்போதுதான் தாயின் களைப்பு மகளுக்குப் புரிந்தது. 1992-இல் இரத்தப் புற்றுநோயில் ஜோ இறந்துபோனார். உடம்பை இனிப் படமெடுக்க முடியாது என்று ஆன கடைசி மாதங்களிலும், பழைய படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் புதிய படங்கள் செய்துகொண்டிருந்தார்.

அவரை நோய் விட்டுவிடவில்லை. அப்படியானால் படங்கள் எதைக் குணப்படுத்தின? என் சிற்றறிவுக்கு எட்டியது இதுதான். நோய் வந்தால் நம்மைப் பார்ப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். மருத்துவர் பார்க்கிறார், தாதி பார்க்கிறார், உறவினர் பழத்தோடு வந்து பார்க்கிறார்கள். எல்லாருடைய பார்வைக்கும் நடுவில் நாம் ஒரு பொருளாகிப் போகிறோம். கேமராவை நம் பக்கம் நாமே திருப்பும்போது, பார்ப்பவர்களில் ஒருவராக நாமும் சேர்ந்துகொள்கிறோம். தன்மீதே தனக்கு ஒரு பார்வை திரும்பக் கிடைக்கிறது.

எட்டாம் நாள் படம்

எங்கள் குடும்பத்தில் படம் எடுத்துக்கொள்வதே அபூர்வம். பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். "போட்டோ புடிச்சா ஆயுசு குறையும்" என்று நம்பியவர். வாழ்நாளில் அவர் கேமரா முன் நின்றது அடையாள அட்டைக்காக மட்டும். அவர் இறந்தபின் அந்தச் சிவப்பு அடையாள அட்டைப் படத்தைத்தான் பட்டணத்து ஸ்டூடியோவில் பெரிதாக்கி, பொட்டு வைத்து, மாலை போட்டோம். பல வீடுகளில் இன்றும் சுவரில் இருப்பது இதுதான். நம் பெரியவர்களின் முகம் அரசாங்கம் கேட்டதால் எடுத்த முகம். அவர்களாகக் காட்ட விரும்பிய முகம் எது என்று நமக்குத் தெரியவே தெரியாது.

அம்மாவும் அப்படித்தான். அப்பா போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதிலிருந்து திருமண மேடையில் "ஃபேமிலி வாங்க" என்று புகைப்படக்காரர் கூப்பிடும்போதெல்லாம் அம்மா மட்டும் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்.

எட்டாம் நாள் காலை, ஏழு படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் இடது கை தொண்டைமேல் இருந்தது. அப்படி வைக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. பச்சைக் குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல் இருந்தது அந்தக் கை. அன்று கையை வேண்டுமென்றே கீழே இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு எட்டாவது படத்தை எடுத்தேன்.

எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, எனக்குப் பின்னால் அடுக்களை வாசலில் அம்மா நின்றிருந்தார். நான் கவனிக்கவே இல்லை. படத்தில் அவருடைய முகம் நான் ஒருநாளும் பார்க்காத முகம். எட்டு நாளாக என்னிடம் கையை ஆட்டிக் கத்தி, கஞ்சி காய்ச்சி, கேலி பேசிக்கொண்டிருந்த அம்மா, நான் பார்க்காத நேரத்தில் அந்த வாசலில் அப்படி நின்றுகொண்டிருந்திருக்கிறார். அப்பாவைக் கடைசியாகக் கொண்டுபோனதும் அதே மருத்துவமனைக்குத்தான்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு பலகையை என் கையிலிருந்து வாங்கி, பேசத் தெரிந்த என் அம்மா, பேசாமல் எழுதினார். 'எனக்கும் பயமா இருக்கு.'

இரண்டு பேரும் அழுதோம். எனக்கு அழுகையிலும் சத்தம் வரக் கூடாது என்பதால் அம்மா எனக்கும் சேர்த்துச் சத்தமாக அழுதார். அழுதுவிட்டு, "இரு, தண்ணி கலக்குறேன்" என்று எழுந்து போனார்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. சாதாரணக் கட்டிதான். பயப்பட ஒன்றுமில்லை.

நீங்களும் தொடங்க நினைத்தால்

விலை உயர்ந்த கேமரா வேண்டாம். கையில் இருக்கும் கைப்பேசி போதும். எனக்கு உதவிய சிலவற்றைச் சொல்கிறேன்.

கையில் பிடித்து எடுக்காதீர்கள். எங்காவது சாய்த்து வைத்து, டைமர் போடுங்கள். கை நீட்டி எடுக்கும்போது திரையில் நம்மை நாமே சரிசெய்துகொள்கிறோம். தள்ளி வைத்தால் உடம்பு தன் இயல்பில் உட்காரும். அழகூட்டும் வடிகட்டிகளை அணைத்துவிடுங்கள்.

ஒரே நேரம், ஒரே இடம், நாளுக்கு ஒரு படம். பகலில் எடுத்தால் ஜன்னல் பக்கமாக உட்காருங்கள், அந்த வெளிச்சம் முகத்துக்கு இதமானது. தனிப்படம் பெரிதாக எதுவும் சொல்லாது. ஏழெட்டுப் படங்களை வரிசையாக வைத்தால்தான் என் தொண்டைக் கைபோல ஏதாவது வெளியே வரும். படத்தோடு ஒரு வரி எழுதி வையுங்கள். 'இன்று முதுகு வலி', 'அலுவலகம் போகப் பிடிக்கவில்லை'. அவ்வளவு போதும்.

முகத்தைப் பார்க்க முடியாத நாள் என்றால் முகம் வேண்டாம். கை, கால், சுவரில் விழும் நிழல் எதுவானாலும் சரி. சிக்காகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணாக வாழ்ந்த விவியன் மாயர் (1926–2009) ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து, பெரும்பாலும் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். அவர் தன்னை எடுத்த பல படங்களில் இருப்பது கடைக் கண்ணாடியில் விழுந்த பிம்பம், புல்தரையில் விழுந்த நிழல்.

எப்போதும் சோகமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானின் கிமிகோ நிஷிமோத்தோ 72 வயதில்தான் புகைப்படம் பழகத் தொடங்கினார். குப்பைப் பைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல, துடைப்பத்தில் பறப்பதுபோலத் தன்னையே எடுத்து உலகத்தைச் சிரிக்க வைத்தார். வயதானவர்களைப் பார்த்து மற்றவர்கள் பரிதாபப்படுமுன் அவரே ஒரு நகைச்சுவையைப் போட்டுவிட்டார்.

படங்களைத் தனிக் கோப்பில் பூட்டி வையுங்கள். அந்தரங்கத்தை இணையத்தில் போட்டால் மீண்டும் முதல் கேள்விக்கே போய்விடுவோம். முன்பின் தெரியாதவர் இடும் ஒரு கிண்டல் போதும், ஆறத் தொடங்கிய புண்ணைக் கீறிவிட.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இது மருந்துக்கு மாற்று அல்ல. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜூடி வைசர் இதைப் பற்றி 1993-இல் ஒரு நூலே எழுதியவர். பயிற்சி பெற்ற உளச்சிகிச்சையாளர் தம் சிகிச்சையில் படங்களைப் பயன்படுத்துவது வேறு, நாமாகவே மன ஆறுதலுக்குப் படமெடுப்பது வேறு என்று அவர் பிரித்துச் சொல்கிறார். நான் இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி. அமெரிக்காவின் ஃபிரான்செஸ்கா உட்மன் தன்னைத் தானே எடுத்த படங்கள் இன்று உலகின் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் 22 வயதில், 1981-இல், அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். படம் வலியைக் காட்டும். காட்டிய வலிக்குக் கைகொடுக்க ஒரு மனிதர் வேண்டும்.

ஆகவே, உங்கள் படங்களைப் பார்க்கப் பார்க்க மனம் இன்னும் கனத்தால், உறக்கமும் பசியும் போனால், வாழ வேண்டுமா என்ற எண்ணம் வந்தால், கைப்பேசியில் கேமராவை மூடிவிட்டு அழைப்பு எண்ணைத் தொடுங்கள். நம் நாட்டில் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929. வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலுக்குக் கிளினிக் போவதில்லையா?

அம்மாவின் படம்

இரண்டு வாரம் முடிந்ததும் பேச்சுப் பயிற்சியாளர் முதலில் நாளுக்கு ஐந்து நிமிடம் பேசவிட்டார். பிறகு பத்து. பிறகு அரைமணி. ஆறாம் வார முடிவில் நிலையத்துக்குத் திரும்பினேன். குரல் வந்துவிட்டது, ஆனால் பழைய குரல் இல்லை. சற்றுத் தாழ்ந்திருக்கிறது. உச்சத்தில் ஏறி "காலை வணக்கம்!" என்று கூவ முடியவில்லை. முதல் நாள் நிகழ்ச்சியின் பதிவைப் பத்துத் தடவை கேட்டேன். பதினோராவது தடவை, பரவாயில்லை, இந்தப் பெண் நன்றாகத்தான் பேசுகிறாள் என்று தோன்றியது.

நான் வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அம்மா குளித்து, அப்பா கடைசித் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். ஆறு ஆண்டுகளாக அலமாரியில் மடித்தபடியே இருந்த சேலை.

"அந்த மைலோ டின்னை எங்க வச்ச?" என்றார்.

நான் கைப்பேசியை எடுத்தேன். "நீ எடுக்காத. எனக்குச் சொல்லிக் குடு, நானே எடுக்கிறேன். நீ கூடத்துல போய் உக்காரு."

கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். டைமரின் சத்தம் கேட்டது. ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தபோது அம்மாவே கைப்பேசியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு, கைகளை மடியில் கோத்து, அம்மா. சிரிக்கவில்லை. அழவும் இல்லை.

"வயசாயிடுச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நல்லாத்தான் இருக்கேன், இல்ல?"

எந்தக் கேள்வி அது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்குமே "ஆமாம்மா" என்றேன்.

இதை எழுத அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். படத்தைப் போட மட்டும் சம்மதிக்கவில்லை. ஆனால் போன மாதம் உறவினர் திருமணத்தில், "ஃபேமிலி வாங்க" என்று கூப்பிட்டபோது தண்ணீர் குடிக்கப் போகவில்லை. ஓரமாகத்தான் நின்றார். நின்றார்.

சரி, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இன்று இரவு ஒரு டின்னைத் தேடிப் பிடித்து, பத்து வினாடி ஒதுக்கி, உங்களையே கேட்டுப் பாருங்கள். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். அடுத்த ஞாயிறு வேறொரு கதையோடு சந்திப்போம்.